அப்பாவோட பத்மினிக்கு ஜிப்ஸி எஞ்சின் வைக்கலாமா?

கோத்தகிரி கிட்ட அரவேணு பக்கத்துலருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. அப்பா வாங்கின 1978 மாடல் பிரீமியர் பத்மினி, அப்பா தவறினதுக்கு அப்புறம் இவர் பேருக்கு வந்திருக்கு, விக்க மனசில்ல, தினமும் ஓட்டணும்னு ஆசை. ஆனா மேட்டுப்பாளையம் போயிட்டு திரும்பறப்போ குஞ்சப்பனை தாண்டினதுமே வண்டி மூச்சு வாங்குது, ரெண்டாவது கியர்ல இழுக்க மாட்டேங்குது, ஓடிட்டு இருக்கப்போ முதல் கியருக்கு தள்ளினா கரகரன்னு அடிக்குது, ரேடியேட்டர் கொதிக்குது, உள்ள உக்காந்தா பெட்ரோல் வாடை. மச்சான் வெல்டிங் பட்டறை வச்சிருக்காராம், கோயமுத்தூர்ல ஒரு மிலிட்டரி ஏலத்து மாருதி ஜிப்ஸியோட 1.3 எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் பீச்சற வகை) எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து கிடைக்குதாம், "வீட்டு ஷெட்லயே ரெண்டு பேரும் இறக்கி ஏத்திடலாமாங்க அண்ணா, ஆர்.சி.ல ஏதாவது பிரச்சனை வருமா"ன்னு கேட்டிருக்காரு.

தம்பி, முதல்லயே சொல்லிடறேன், ரோட்டுல தினமும் ஓட்டற வண்டிக்கு அந்த ஜிப்ஸி எஞ்சினுக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க. அது உள்ள உக்காராதுன்னு இல்ல, உக்காரும், நம்ம ஊர்ப் பக்கம் பழைய காருக்கு அந்த எஞ்சினை வச்சவங்க இருக்காங்க. பின்வீல் ஓடற வண்டிக்கு நெட்டுவாக்குல நிக்கற எஞ்சின் வேணும், ஜிப்ஸி அப்படித்தான், அதுல நாலு வீலுக்கும் சக்தியை பிரிச்சு விடற டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியா நிக்கறதால 5 கியர் பாக்ஸை மட்டும் எடுத்து, பின் ஆக்சிலுக்கு போற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டோட நேரா சேத்துடலாம், அதனாலதான் எல்லாருக்கும் அது மேல கண்ணு. நான் வேண்டாம்கறதுக்கு காரணம் வேற. நீங்க எழுதின கம்ப்ளெய்ன்ட் ஒவ்வொண்ணையும் படிச்சா அது எஞ்சின் செத்துப்போன அடையாளமா எனக்குத் தெரியல, கீழ் நாட்டு டியூனிங்கோட மலை மேல ஓடற வண்டியோட அடையாளமா தெரியுது. இன்னொண்ணு, லெட்டர் முழுக்க ஏத்தத்தைப் பத்தியே எழுதியிருக்கீங்க, இறக்கத்தைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. மலை வண்டிக்காரங்க முதல்ல கேக்க வேண்டியது அதத்தான்.

முதல்ல இப்ப இருக்கற எஞ்சினைப் பாப்போம். பத்மினியோடது 1089 சிசி, புதுசுல 40 குதிரை சக்தி சுமாருக்கு இருக்கும். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. கோத்தகிரியில காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கறதை விட ஆறுல ஒரு பங்கு கம்மி, ஊட்டியில அஞ்சுல ஒரு பங்கு கம்மி, அதனால உங்க 40 குதிரை வீட்டு வாசல்ல நிக்கறப்பவே 33 பக்கம் ஆயிடுது. இது எந்த எஞ்சினுக்கும் உண்டு, டர்போ இல்லாத எல்லா எஞ்சினுக்கும், ஜிப்ஸியோட 80 குதிரையும் இங்க 80 கிடையாது. ஆனா கார்புரேட்டர் வண்டிக்கு கூட ஒரு தொல்லை இருக்கு. காத்து கம்மியானாலும் கார்புரேட்டருக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு பெட்ரோலை கிட்டத்தட்ட பழைய அளவுல ஊத்திட்டே இருக்கும், கலவை ரிச், அதாவது காத்துக்கு பெட்ரோல் அதிகம் ஆயிடும், பெட்ரோல் வாடை வரும், பிளக்கு கரி புடிக்கும், இழுவை போகும், மைலேஜும் போகும். எம்பிஎஃப்ஐ எஞ்சின்ல சென்சார் காத்தழுத்தத்தை பாத்து பெட்ரோலை குறைச்சுக்கும், மலைக்கு அது எவ்வளவு சுகம்னு எனக்கும் தெரியும், நீங்க ஆசைப்படறதுல தப்பே இல்ல. ஆனா அந்த சுகத்துல பாதியை பெட்ரோல் போற ஓட்டை இருக்கற ஒரு சின்ன பித்தளை ஜெட்டை மாத்தியே வாங்கிடலாம்.

கார்புரேட்டரை தொறந்து மெயின் ஜெட்டை கழட்டுங்க, தலையில ஒரு நம்பர் போட்டிருக்கும். சோலெக்ஸ் மாதிரி கார்புரேட்டர்ல அந்த நம்பர்தான் ஓட்டையோட குறுக்களவு, 120னு இருந்தா 1.20 மில்லிமீட்டர். நம்ம உயரத்துக்கு பெட்ரோல் ஒரு எட்டு ஒம்போது சதவீதம் குறைஞ்சா போதும், ஓட்டையோட பரப்புதான கணக்கு, அதனால குறுக்களவுல நாலு அஞ்சு சதவீதம் குறைச்சா சரியா வரும், 120க்கு 115. கம்பியை விட்டு குடைஞ்சிருக்கானு வெளிச்சத்துல புடிச்சு பாருங்க, பழைய வண்டியில பாதிக்கு மேல யாரோ ஒரு மெக்கானிக் "இழுக்கட்டும்"னு ஊசிய விட்டு ஓட்டையை பெருசாக்கியிருப்பாரு, அப்படி இருந்தா நம்பருக்கு அர்த்தமே இல்ல, புது ஜெட்தான். ஆனா ஒண்ணு, ஜெட்டை குறைச்சிட்டு மேட்டுப்பாளையம் கோயமுத்தூர்னு வெயில்ல ஃபுல் ஆக்சிலரேட்டர் மிதிச்சு ஓட்டக் கூடாது, கீழ போனா அதே ஜெட் லீன், அதாவது பெட்ரோல் பத்தாம ஆயிடும், எஞ்சின் சூடேறும், டிக் டிக்னு நாக்கிங் கேக்கும். வாரத்துல பல நாள் கீழயே ஓட்டறவங்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், நீங்க மேலயே இருக்கறவரு, எப்பவாவதுதான் இறங்குறீங்க, அதனால சொல்றேன். பிளக் பொறி அடிக்கற டைமிங்கை ரெண்டு டிகிரி முன்னாடி வைக்கலாம், அதுக்கும் இதே கணக்குதான், கீழ நாக்கிங் வந்தா பழைய இடத்துக்கு திருப்பிடுங்க.

ஒரு முக்கியமான விஷயம், கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம், பாக்கறப்ப ஏமாந்துடாதீங்க. கீழ 130 பிஎஸ்ஐ காட்டற நல்ல எஞ்சின், கோத்தகிரியில அதே கேஜை வச்சு பாத்தா 105 பக்கம்தான் காட்டும். உள்ள இழுக்கற காத்தே கம்மிங்கறப்போ அழுத்தம் எங்கருந்து வரும். கீழருந்து வந்த ஆளு கேஜை வச்சு பாத்துட்டு "எஞ்சின் முடிஞ்சுதுங்க, போர் பண்ணணும்"னு சொல்லி எஞ்சினை இறக்கின கதை நம்ம ஊர்ல நிறைய இருக்கு. மொத்த நம்பரை பாக்காதீங்க, நாலு சிலிண்டருக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தை பாருங்க. சூடான எஞ்சின்ல நாலு பிளக்கையும் கழட்டிட்டு, ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சு வச்சு செல்ஃப் அடிச்சு பாக்கணும், மிதிக்காம பாத்தா காத்து உள்ள போகாம தப்பான ரீடிங்தான் வரும். அதிகமா இருக்கறதுக்கும் கம்மியா இருக்கறதுக்கும் 10 சதவீதத்துக்குள்ள வித்தியாசம் இருந்தா அந்த எஞ்சின்ல கையே வைக்காதீங்க. ஒண்ணு மட்டும் ரொம்ப இறங்கி இருந்தா பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு திரும்ப அடிங்க, ரீடிங் ஏறினா பிஸ்டன் ரிங்கு கோளாறு, ஏறலன்னா வால்வு கோளாறு. வால்வுன்னா ஹெட்டை மட்டும் கழட்டி கிரைண்டிங் பண்ணினா முடிஞ்சுது.

அதோட இன்னொரு டெஸ்ட், காசே ஆகாது. மச்சானை உள்ள உக்கார வச்சு ஆக்சிலரேட்டர் பெடலை தரையோட மிதிக்கச் சொல்லுங்க, எஞ்சின் ஆஃப்ல இருக்கட்டும், நீங்க ஏர் கிளீனரை கழட்டிட்டு உள்ள டார்ச் அடிச்சு த்ராட்டில் தட்டு நேரா நிக்குதான்னு பாருங்க. இத்தனை வருஷ வண்டியில லிங்க் ராடு, புஷ்ஷு எல்லாம் தேஞ்சு, பெடல் தரையைத் தொட்டாலும் தட்டு முக்கால்வாசிதான் தொறந்திருக்கும். அப்படின்னா உங்க வண்டி இத்தனை நாளா முக்கால் எஞ்சின்லயே மலை ஏறியிருக்கு. அப்புறம் ஏறி வந்து நிறுத்தினதும் நாலு வீல்லயும் இருக்கற பிரேக் டிரம்மை தொடாம கையை பக்கத்துல கொண்டு போய் பாருங்க, ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா பிரேக் புடிச்சிட்டே வந்திருக்கு. கொதிக்கறதுக்கு ரேடியேட்டர் கோர் அடைப்பு, ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் மூடி (கேப்) மூணையும் பாருங்க, நம்ம உயரத்துல தொறந்த தண்ணி 94 டிகிரியிலயே கொதிச்சிடும், அதனால கேப் அழுத்தம் புடிக்கலன்னா கீழ கொதிக்காத வண்டி இங்க கொதிக்கும். முதல் கியர் கரகரங்கறது கோளாறே இல்லீங்க தம்பி, அந்த பாக்ஸ்ல முதல் கியருக்கு சிங்க்ரோ (கியரோட வேகத்தை தானா ஒத்துப்போக வைக்கற அமைப்பு) கிடையாது, ஓடிட்டு இருக்கப்போ முதல் கியர் போடணும்னா டபுள் கிளட்ச்தான், அதாவது நியூட்ரல்ல கிளட்ச்சை விட்டு ஆக்சிலரேட்டர் குடுத்து திரும்ப மிதிச்சு போடறது, அப்பா அப்படித்தான் ஓட்டியிருப்பாரு. பெண்டுக்கு முன்னாடியே கியரை எடுத்துட்டு வளையணும், பெண்டுக்குள்ள போய் தேடக் கூடாது.

இதெல்லாம் பாத்தும் எஞ்சின் தேறாதுன்னா பத்மினி எஞ்சினையே போர் பண்ணி ரிங் பிஸ்டன் போட்டு எடுங்க, இல்ல அதே வகை நல்ல எஞ்சின் பில்லோட வாங்கி வைங்க. பாம்பேல பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரோட ரோட்டை விட்டு போயிடுச்சு, ஆனா அத்தனை வருஷம் அந்த ஊரு ஓட்டினதால அந்தப் பக்கம் சாமான் இன்னும் கிடைக்குது.

இப்ப ஆர்.சி. விஷயம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52வது பிரிவு இருக்கு, கம்பெனி முதல்ல குடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.ல இருக்கற விவரத்துக்கும் ஒத்துப்போகாத மாதிரி வண்டிய மாத்தக் கூடாதுங்கறதுதான் அதோட சாரம். 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதியா சொல்லிடுச்சு. அதே பிரிவு ஒரு வழி விடுது, பெட்ரோல்லருந்து கேஸுக்கோ பேட்டரிக்கோ எரிபொருளை மாத்தறதுன்னா அங்கீகாரம் உள்ள கிட்டை வச்சு மாத்தலாம். அதே வகை எஞ்சினை மாத்தறதுன்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல முன்கூட்டி எழுதிக் குடுத்து அனுமதி வாங்கி, மாத்தின 14 நாளுக்குள்ள ஆர்.சி.யை குடுத்து புது எஞ்சின் நம்பரை ஏத்திக்கணும். ஆனா பத்மினி ஆர்.சி.யில மாருதி எஞ்சின் நம்பரை ஏத்திக் குடுங்கன்னு கேட்டா எந்த அதிகாரியும் கையெழுத்து போட முடியாது. சொல்லாம ஓட்டலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, 182ஏ பிரிவுல அனுமதி இல்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் குடுக்கலாம். ஊட்டியில ஆர்.சி. ரினியூவலுக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவ போய்த்தான ஆகணும், பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டை தொறந்து முதல்ல தேய்ச்சு பாக்கறதே எஞ்சின் நம்பரையும் சேஸி நம்பரையும்தான். அபராதத்தை விட எனக்கு பயம் இன்சூரன்ஸை நினைச்சுத்தான். பர்லியார் பெண்டுல எதிர்ல வந்த டூவீலர்காரருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, வண்டியில இருக்கற எஞ்சின் பாலிசியில இருக்கற எஞ்சின் இல்லன்னு கம்பெனி கைய விரிச்சா, அந்த நஷ்ட ஈடு உங்க தலையில விழும், தேயிலைத் தோட்டத்தை வித்தாலும் அடங்காது.

உங்க வண்டிக்குன்னு ஒரு விஷயம் இருக்கு. 2021ல மத்திய அரசு வின்டேஜ் வண்டிக்கு தனி விதி கொண்டு வந்துச்சு, முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டின கார், சேஸி, பாடி, எஞ்சின்ல பெரிய மாத்தம் இல்லாம ஒரிஜினலா இருந்தா விஏ சீரிஸ்ல தனி நம்பர் வாங்கலாம், 10 வருஷத்துக்கு செல்லும். உங்க 1978 வண்டிக்கு 2028ல 50 வயசு. அந்த நம்பர் வாங்கிட்டா தினமும் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸுக்குன்னு மட்டும்தான் வெளிய எடுக்கலாம், அதனால உங்களுக்கு அது வேணுமா வேண்டாமாங்கறது அப்புறம். ஆனா தரை நடுவுல மேடா இருக்கற டனலை வெட்டி புது எஞ்சினை வச்சுட்டா அந்தக் கதவு மூடிடும், உங்க புள்ளைங்க காலத்துல கூட தொறக்காது.

பிரீமியர் கம்பெனியே இந்த பாடியில வேற எஞ்சின் வச்சு வித்திருக்கு, 137டின்னு இத்தாலி டீசல் எஞ்சினோட ஒரு மாடல் வந்துச்சு, கம்பெனியோட 118 என்ஈ காருக்கு நிசான் 1.2 எஞ்சின். அதே கம்பெனி எஞ்சின்தானன்னு 118 என்ஈ எஞ்சினை வைக்க நினைக்கறவங்க உண்டு, அளவுலயும் பக்கத்துல இருக்கும், கார்புரேட்டர்தான், ஒயரிங் தலைவலி இல்ல. மனசு கேக்கலன்னா அதைப் பத்தி ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுத்துல கேளுங்க, எழுத்துல பதில் வந்தப்புறம் ஸ்பேனரை எடுங்க. வாய் வார்த்தையை நம்பி எடுக்காதீங்க.

இவ்வளவு சொன்னப்புறமும் வேலை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க ஆசை இருக்கும், அது நியாயம். ரோட்டுக்கே வராம சொந்த எஸ்டேட்டுக்குள்ள மட்டும் ஓட்டற வண்டிக்காக கேக்கறவங்களும் இருக்காங்க, அவங்களுக்கும் சேத்து சொல்றேன்.

எஞ்சினை மட்டும் வாங்காதீங்க, எஞ்சின் வேலையில கால்வாசிதான். உக்கடத்துலயோ சென்னை புதுப்பேட்டையிலயோ வாங்கினாலும் ஒரே வண்டியிலருந்து கழட்டின எஞ்சின், கியர்பாக்ஸ், இசியூ (எஞ்சினோட கம்ப்யூட்டர் பெட்டி), வெட்டாத ஒயரிங், எல்லா சென்சார், த்ராட்டில் பாடி, பெட்ரோல் பம்ப், ஏர் கிளீனர், சாவி செட், பில், அந்த வண்டியோட ஆர்.சி. ரத்து பண்ணின காப்பி இத்தனையும் சேந்து வரணும். புது மாடல் எஞ்சின்ல இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கற பூட்டு) இருந்துச்சுன்னா சாவியும் இசியூவும் ஒண்ணுக்கொண்ணு தெரிஞ்ச ஜோடி, சாவி வேற வண்டியோடதுன்னா செல்ஃப் அடிச்சிட்டே இருக்க வேண்டியதுதான், ஸ்டார்ட் ஆகாது. கடைக்காரர் ஒயரிங்கை கத்தியால வெட்டி எஞ்சினை தூக்கியிருந்தாருன்னா அதை விட்டுடுங்க, வேற பாருங்க.

வச்சு பாக்கறப்போ முட்டற இடம் எல்லாம் கீழதான். ஆயில் நிக்கற சம்ப் கிண்ணம் முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கா, ஸ்டியரிங் ராடும் கிராஸ் மெம்பரும் அதுல இடிக்குதா, எக்ஸாஸ்ட் ஸ்டியரிங் பாக்ஸ் பக்கம் போகுதான்னு அளவெடுக்கணும். ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, சஸ்பென்ஷன் அமுங்கின நிலையிலயும் பாக்கணும், சும்மா நிக்கறப்போ விரல் நுழையற இடைவெளிதான் இருந்தா பள்ளத்துல இறங்கறப்போ இடிக்கும். சம்பை வெட்டி ஒட்டினா ஆயில் பம்ப் பிக்கப்பையும் அதே அளவுக்கு மாத்தணும், இல்லன்னா பெண்டுல ஆயில் ஒதுங்கறப்போ பம்ப் காத்தை உறிஞ்சும், பேரிங் போயிடும். ஸ்டியரிங் பக்கத்துல இருக்கற கியர் லீவர் போயி தரையில கியர் வரும், அதுக்கு டனலை வெட்டணும், பத்மினிக்கு தனி சேஸி கிடையாது, பாடிதான் சேஸி, அதனால டனலை வெட்டறது எலும்பை வெட்டற வேலை, வெட்டின இடத்துக்கு அதே கனத்துல தகடு போட்டு தொடர் வெல்டிங் அடிக்கணும், மச்சான் கேட், கிரில் அடிக்கற ராடு வெல்டிங்ல அந்த மெல்லிசு தகடு ஓட்டையாயிடும், மெல்லிய கம்பியும் வாயுவும் வச்சு அடிக்கற மிக் வெல்டிங் வேணும்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை லேத்துல வெட்டி நீளம் சரி பண்ணினா பேலன்ஸிங் கட்டாயம். கியர்பாக்ஸோட பின் முகமும் பின் ஆக்சில் ஹவுசிங்கோட பினியன் முகமும் ஒண்ணுக்கொண்ணு பேரலலா இருக்கணும், ஷாஃப்ட் மூட்டுல இருக்கற கிராஸ் மடங்கற கோணம் 3 டிகிரிக்குள்ள வச்சுக்கங்க, கண்ணளவுல வைக்காதீங்க. அதோட பின் ஆக்சில்ல இருக்கற கிரவுன் பினியன் பல்சக்கரங்களோட ரேஷியோ என்னன்னு நீங்களே கண்டுபிடிக்கலாம், கியரை நியூட்ரல்ல வச்சு, மத்த வீலுக்கெல்லாம் கட்டை குடுத்துட்டு, ஒரு பின்வீல் தரையில நிக்க இன்னொண்ணை மட்டும் தூக்கி சரியா 2 சுத்து சுத்துங்க, அதுக்குள்ள ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதோ அதுதான் ரேஷியோ. இது தெரியாம 5 கியர் பாக்ஸ் வச்சா ரெண்டாவது கியர் எந்த வேகத்துக்கு வரும்னு உங்களுக்கு தெரியாது, இறக்கத்துல உங்க உயிரை புடிச்சு வச்சிருக்கறது அந்த ரெண்டாவது கியர்தான்.

பெட்ரோல் லைனை பத்தி கொஞ்சம் விளக்கமா சொல்லணும். பத்மினியோட பழைய மெக்கானிக்கல் பம்ப் தர்றது மூணு நாலு பிஎஸ்ஐ, இன்ஜெக்ஷனுக்கு 40 பிஎஸ்ஐக்கு மேல வேணும். பழைய ரப்பர் ஓஸ்ல அந்த பிரஷரை விட்டா சூடான எக்ஸாஸ்ட் மேல பெட்ரோல் பீச்சி அடிக்கும், காரோட போயிடுவோம், அதுக்குன்னு உள்ள இன்ஜெக்ஷன் ஓஸ், அதுக்குன்னு உள்ள கிளாம்ப்தான் போடணும். அப்புறம் பழைய டேங்க்ல இன்ஜெக்ஷனுக்கு வேண்டிய தடுப்பு கிடையாது. எங்க குன்னூர் பட்டறைக்கு இப்படி எஞ்சின் மாத்தின ஒரு பழைய கார் வந்துச்சு, சமமான ரோட்டுல அருமையா ஓடும், இடது பக்கம் வளையற ஏத்தப் பெண்டுல மட்டும் டப்புனு ஆஃப் ஆகும், பாத்தவங்க எல்லாம் இசியூ கோளாறுன்னு சென்சாரா மாத்தியிருக்காங்க. டேங்க் மூடியை தொறந்து வச்சிட்டு வண்டிய அதே சாய்வுல நிறுத்தி பாத்தப்போ, கால் டேங்க் பெட்ரோல் முழுக்க ஒரு மூலைக்கு ஒதுங்கி, பம்ப் உறிஞ்சற குழாய் வெறும் காத்துல நின்னுட்டு இருந்துச்சு. கார்புரேட்டர்ல மிதவை அறையில கொஞ்சம் பெட்ரோல் நிக்கும், ஒரு பெண்டை தாண்டிடலாம், இன்ஜெக்ஷன்ல ஒரு நொடி காத்து போனாலும் எஞ்சின் நிக்கும். நடுவுல எப்பவும் பெட்ரோல் நிறைஞ்சு நிக்கற மாதிரி ஒரு லிட்டர் அளவுல சின்ன சர்ஜ் டேங்க் வச்சப்புறம் சரியாச்சு. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கு, பழைய ரப்பரை அது அரிக்கும், அதனால எஞ்சின் மாத்தாட்டியும் உங்க பத்மினியோட பெட்ரோல் ஓஸ், பம்ப் டயாஃப்ரம் ரெண்டையும் மாத்திடுங்க, அந்த பெட்ரோல் வாடைக்கு இதுவும் காரணமா இருக்கலாம்.

ஷெட் விஷயத்துல கெஞ்சி கேக்கறேன். மலையில சமமான தரை நமக்கு அமையறதே இல்ல, உங்க ஷெட்டும் சாய்வாத்தான் இருக்கும். எஞ்சின் கியர்பாக்ஸோட சேந்தா நூறு கிலோவைத் தாண்டும், தகர ஷீட் தாங்கற யூகலிப்டஸ் கம்புல செயின் பிளாக்கை மாட்டாதீங்க, அது மழையில நனைஞ்சு உள்ளுக்குள்ள உளுத்திருக்கும், வெளிய தெரியாது. இரும்பு பைப் முக்காலியோ வாடகை கிரேனோ கொண்டு வாங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்கவே கூடாது, ஸ்டாண்டு வச்சு, வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை குடுத்து, வண்டிய தோளால தள்ளி ஆட்டி பாத்துட்டு அப்புறம் உள்ள போங்க. ஜனவரி குளிர்ல கதவை சாத்திட்டு எஞ்சினை ஓட விடாதீங்க, அந்த புகையில இருக்கற விஷ வாயுவுக்கு வாடை கிடையாது, தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வெல்டிங் அடிக்கறதுக்கு முன்னாடி டேங்கை கழட்டி வெளிய வச்சிடணும், பேட்டரி வயரையும் கழட்டிடணும்.

கடைசியா இறக்கம். கோத்தகிரியிலருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அதுக்குள்ள 1,400 மீட்டருக்கு மேல இறங்குறோம். நாலு பேர் உக்காந்த பத்மினி 1,100 கிலோவுக்கு மேல இருக்கும். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கறப்போ வர்ற சக்தி, 50 லிட்டர் பச்சைத் தண்ணியை கொதிக்க வைக்கற சூடு. அந்த சூட்டுல ஒரு பங்கை எதிர்காத்தும் டயரும் வாங்கிக்கும், மிச்சத்தை எஞ்சினும் பிரேக்கும்தான் வாங்கியாகணும், கியர் உயரமா இருந்தா எஞ்சின் வாங்காது, எல்லாம் டிரம்முக்கு போகும். உங்க வண்டிக்கு நாலும் டிரம், உள்ள சூடு மாட்டிக்கிட்டா சீக்கிரம் ஆறாது. 80 குதிரை எஞ்சின் வச்ச வண்டி, ஏறி வந்த அதே வேகத்துல இறங்கத் தோணும், பிரேக் மட்டும் 40 குதிரைக்கு செஞ்சதாவே இருக்கும். அதனால எஞ்சினுக்கு எடுத்து வச்ச காசை முதல்ல இங்க போடுங்க, வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் கிட், ரப்பர் ஓஸ், லைனிங், டிரம் ஓவல் ஆகியிருந்தா லேத்துல கடைசல், எல்லாமே. பிரேக் ஆயில் டாட் 4 போடுங்க, புதுசுல 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் இழுத்துட்டா அது 155க்கு இறங்கிடும், நம்ம ஊர் மூடுபனியில ஈரத்துக்கா பஞ்சம், வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துங்க. சிலிக்கான் வகை டாட் 5 வேண்டாம், பழசோட கலக்கக் கூடாது. இறங்கறப்போ எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர், பிரேக்கை காலால தடவிட்டே வராம அழுத்திப் புடிச்சு வேகத்தை குறைச்சிட்டு காலை எடுங்க. பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கினாலோ கருகற வாடை வந்தாலோ ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்க, தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, டிரம் வெடிப்பு விடும்.

இந்த வாரம் கம்ப்ரஷன் பாத்துட்டு நாலு சிலிண்டர் ரீடிங்கையும், மெயின் ஜெட் தலையில இருக்கற நம்பரையும், நாலு பிளக்கோட நிறத்தையும் எழுதி அனுப்புங்க தம்பி, த்ராட்டில் தட்டு முழுசா தொறக்குதா இல்லையாங்கறதையும் சேத்து எழுதுங்க. ஜிப்ஸி கடைக்காரர் கிட்ட அதுவரைக்கும் பணம் எதுவும் குடுத்துடாதீங்க.